கார் ஓட்டவா, திரை பார்க்கவா?

ஐரோப்பாவில் புதிய கார்களை மோதிச் சோதித்து, பாதுகாப்புக்கு நட்சத்திரக் குறி வழங்கும் 'யூரோ என்கேப்' என்ற அமைப்பு, 2026 ஜனவரி முதல் ஒரு புதிய நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. இண்டிகேட்டர், நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும் அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், ஆபத்தில் உதவி கேட்கும் அழைப்பு ஆகிய ஐந்தையும் கையால் தொட்டு உணரக்கூடிய பொத்தான் அல்லது நெம்புகோல் கொண்டு இயக்க வழி இருக்க வேண்டும். திரைக்குள் மட்டும் ஒளித்து வைத்தால் முழு மதிப்பெண் கிடைக்காது என்பதே அந்த நிபந்தனை.

இது சட்டமல்ல. ஆனால் ஐந்து நட்சத்திரம் வாங்கப் பல கம்பெனிகள் முயல்வதால், இதற்குப் பெரிய வலிமை உண்டு. ஹாரன் அடிக்க ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து விதி எழுத வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நம் நாட்டிலும் கார்கள் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

நன்மையை மறுக்க முடியாது

எலெக்ட்ரானிக்ஸே கூடாது என்று சொல்வது அறியாமை. அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தைப் பொற்காலம் போலப் பேசுவோர் உண்டு. குளிர் காலக் காலையில் 'சோக்' இழுத்துப் பத்து நிமிஷம் போராடியதையும், மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து வண்டி நடுத்தெருவில் நின்றதையும், கறுப்புப் புகையையும் அவர்கள் மறந்துவிட்டார்கள். கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் எலெக்ட்ரானிக் முறை வந்த பிறகுதான் புகை குறைந்தது. புகைக் குழாயில் உள்ள சென்சார் ஆக்சிஜன் அளவைப் பார்த்து ஒவ்வொரு நொடியும் தகவல் சொல்ல, அதற்கேற்ப எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காலும் ஸ்குரூ டிரைவர் கொண்டு இதைச் செய்ய முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்த பாரத் 6 புகை விதிகளை எலெக்ட்ரானிக்ஸ் இல்லாமல் நிறைவேற்றியிருக்கவே முடியாது.

உயிர் காப்பதிலும் அதன் பங்கு பெரிது. திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனமும், மோதிய கணத்தில் விரியும் காற்றுப் பையும் சென்சாரை நம்பி இயங்குபவையே. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் மாண்டார்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. இந்த நாட்டில், உயிர் காக்கும் கருவி எதையும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே, எலெக்ட்ரானிக்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வி அல்ல. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம், கெட்டுப் போனால் என்ன ஆகும், யார் சரி செய்வது என்பவையே கேள்விகள். கார் கம்பெனிகள் இவற்றுக்குச் சரியான பதில் சொல்லவில்லை.

கண் எங்கே இருக்கிறது?

பழைய காரில் காற்றாடியின் வேகத்தைக் கூட்ட ஒரு குமிழ் இருந்தது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், கை தானாகவே அந்த இடத்துக்குப் போகும், திருகும், திரும்பும். புதிய கார்கள் பலவற்றில் அந்தக் குமிழ் இல்லை. டாஷ்போர்டின் நடுவே பெரிய திரை இருக்கிறது. அதில் ஏ.சி. பக்கத்தைத் தேடி, அதற்குள் காற்றாடியைத் தேடி, வழுவழுப்பான கண்ணாடியில் சரியான இடத்தில் விரலை வைக்க வேண்டும். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் விரல் வேறு எங்கோ படும்; மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெங்களூரில் மாலை மழை பிடித்தால் சில நிமிஷங்களில் கார்க் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்கிவிடுகிறது. உடனே குளிர் காற்றைக் கண்ணாடி மீது திருப்ப வேண்டும். முன்னே பஸ், பக்கத்தில் ஆட்டோ, இடுக்கில் நுழையும் ஸ்கூட்டர். இந்த நெரிசலில் டிரைவர் திரையில் பாடம் படித்துக்கொண்டிருக்க முடியுமா? மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் இரண்டு நொடியில் 33 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி திரையைப் பார்ப்பது என்றால், அந்த 33 மீட்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

சுவீடன் நாட்டு மோட்டார் பத்திரிகையான 'வீ பீலாகரே' 2022-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. அப்போதைய நவீன கார்கள் பதினொன்றையும், 2005-ல் செய்த பழைய வால்வோ கார் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். மணிக்கு 110 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே, உஷ்ணத்தைக் கூட்டுவது, ரேடியோ நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும். பழகிக்கொள்ளவும் முன்னதாக நேரம் தரப்பட்டது. பொத்தான்கள் கொண்ட பழைய கார் 10 நொடியில், 306 மீட்டர் தூரத்துக்குள் வேலையை முடித்தது. மிகவும் பின்தங்கிய புதிய காருக்கு 44.6 நொடி ஆயிற்று. அதற்குள் வண்டி 1,372 மீட்டர் ஓடியிருந்தது. பதினேழு வருஷ விஞ்ஞான முன்னேற்றத்துக்குப் பின், அதே வேலைக்கு நான்கு மடங்குக்கும் மேல் நேரம் ஆகிறது!

பிறகு ஏன் திரை வைக்கிறார்கள்? வாங்குகிறவருக்கு அது நாகரிகமாகத் தோன்றுகிறது என்பது ஒரு காரணம். கம்பெனிக்குச் செலவு மிச்சம் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு வேண்டும், கம்பி வேண்டும், அதைப் பொருத்த ஆள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் தள்ளிவிட்டால் இந்தச் செலவெல்லாம் ஒழிகிறது. மிச்சம் பிடித்த செலவை 'நவீன வசதி' என்று பெயரிட்டு அதிக விலைக்கு விற்கவும் முடிகிறது. வோக்ஸ்வாகன் போன்ற பெரிய கம்பெனிகளே வாடிக்கையாளர்களின் குறையைக் கேட்டு, முக்கியமான வேலைகளுக்கு மீண்டும் பொத்தான்களை வைக்கப்போவதாக அறிவித்துவிட்டன. சென்றது தவறான பாதை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ரயில்வே கற்ற பாடம்

யந்திரம் என்றால் ஒரு நாள் கெடத்தான் செய்யும். கெடும்போது எந்தப் பக்கம் கெடுகிறது என்பதே முக்கியம். ரயில்வேக்காரர்கள் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். கைகாட்டி சிக்னலின் கம்பி அறுந்து போனால், அதில் கட்டியுள்ள எடை கையை இழுத்துத் தானாகவே 'நில்' என்ற நிலைக்குக் கொண்டு வந்துவிடும். ஓடும் ரயிலில் இரண்டு பெட்டிகளுக்கு இடையே இணைப்பு அறுந்தால், பிரேக் குழாயும் பிரிந்து, இரு பகுதிகளிலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கெட்டுப் போவதே பாதுகாப்புக்கு வழி செய்யும்படி யோசித்து அமைத்தார்கள்.

கார்களில் இந்த யோசனை எவ்வளவு தூரம் இருக்கிறது? 2021 பிப்ரவரியில் டெஸ்லா கம்பெனி அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. திரைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய மெமரி சில்லு, எழுதி எழுதித் தேய்ந்து சில ஆண்டுகளிலேயே செயலற்றுப் போனது. அதோடு திரை இருண்டது. பின்பக்கம் பார்க்கும் காமிராவும், கண்ணாடியின் ஆவியைப் போக்கும் கட்டுப்பாடும் சேர்ந்து போயின. விரல் நகம் அளவு சில்லு ஒன்றை நம்பி இத்தனை வேலைகளை விட்டதே கோளாறு.

கதவு விஷயம் இன்னும் கவலைக்குரியது. புதுக் கார்கள் சிலவற்றில் கதவின் கைப்பிடி உள்ளே அமிழ்ந்து, மின்சாரம் இருந்தால்தான் வெளியே வருகிறது. விபத்தில் பாட்டரி அறுந்தால் வெளியே இருப்பவர் எதைப் பிடித்து இழுப்பார்? சீன அரசு 2025-ல் வெளியிட்ட வரைவு விதிகளில், மின்சாரம் போனாலும் கையால் திறக்கும் வழி ஒவ்வொரு கதவிலும் இருக்க வேண்டும் என்று கூறியது. மின்சாரக் கார்களை உலகிலேயே அதிகமாகச் செய்யும் நாடே இப்படிச் சொல்கிறது.

கடலிலும் இதே பாடம்தான். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க் கப்பல் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி, 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானும் வேகமும் தொடுதிரையில் இருந்தன. எந்தத் திரையின் கையில் கப்பல் இருக்கிறது என்று மாலுமிகளுக்கே குழப்பம் ஏற்பட்டது விசாரணையில் தெரிய வந்தது. பயிற்சிக் குறைவும் காரணம்தான். எனினும், 2019-ல் அமெரிக்கக் கடற்படை வேகத்தைக் கட்டுப்படுத்த மீண்டும் கைப்பிடிகளையே வைப்பது என்று முடிவு செய்தது. பயிற்சி பெற்ற கடற்படைக்கே திரை குழப்பம் தந்தது என்றால், சாதாரண டிரைவரின் கதி என்ன?

ஒர்க்ஷாப்பின் கதி

பெங்களூர்த் தமிழர்களை இந்தப் பிரச்னை இன்னொரு பக்கத்திலிருந்து நேராகத் தொடுகிறது. ஜே.சி. ரோட்டு உதிரி பாகக் கடைகளிலும், சிவாஜிநகர், அல்சூர் பக்கத்து ஒர்க்ஷாப்புகளிலும் தமிழ்க் குரல் கேட்பது இன்று நேற்றைய விஷயம் அல்ல. பையனாக வந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் அளவுக்கு வளர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்கள் பலர். அவர்களுடைய தொழில்தான் இப்போது ஆட்டம் காண்கிறது.

காரின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. என்ன கோளாறு என்று காருக்குத் தெரியும். ஆனால் அது மெக்கானிக்கிடம் சொல்லாது. அதைக் கேட்டுச் சொல்லும் ஸ்கேனர் கருவி வேண்டும். பொதுவான ஸ்கேனர் கடையில் கிடைக்கிறது. அது எஞ்சின் சம்பந்தப்பட்ட கோளாறுகளின் எண்ணைக் காட்டும். ஆனால் காற்றுப் பை, ஏ.பி.எஸ்., சாவி ஆகியவற்றுக்குள் முழுமையாக நுழைய வேண்டுமானால் பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கருவியும் அதற்கான அனுமதியும் தேவைப்படுகின்றன. புதிய பாகத்தை வாங்கிப் பொருத்தினாலும், 'இதை ஏற்றுக்கொள்' என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால் சில கார்களில் அது வேலை செய்யாது. தொலைந்து போன சாவிக்கு மாற்றுச் சாவி செய்வதுகூட ராவு மெஷின்காரரால் முடியாத காரியமாகிவிட்டது.

முடிவு என்ன? சிறிய கோளாறுக்கும் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே பழுது பார்ப்பதை விட மாற்றுவதே வழக்கம். ஒரு கம்பி இணைப்பில் பாசி பிடித்திருக்கலாம். ஆனால் பெட்டியோடு மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் பில் வருகிறது. கடன் வாங்கிக் கார் எடுத்து டாக்சி ஓட்டுகிறவர், பாகம் வரும் வரை தினக் கூலியையும் இழந்து, வங்கித் தவணையையும் கட்ட வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பகுதிகளில் கார்கள் தண்ணீரில் மூழ்கியதை இந்நகரம் மறந்திருக்காது. பழைய காராக இருந்தால் எண்ணெய் மாற்றி, பிளக்கைத் துடைத்து, காய வைத்து ஓட்டலாம். சீட்டுக்கு அடியிலும் மிதியடிக்குக் கீழும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் இணைப்புகளும் உள்ள கார் மூழ்கினால் அது எளிதல்ல.

இந்த அநியாயத்தை அரசாங்க அமைப்பே ஒரு முறை கண்டித்திருக்கிறது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் தடுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி கிடையாது என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் கூறியது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம் ஆகியவற்றோடு மோட்டார் வாகனமும் அதன் வரம்பில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இணையதளத்தில் கம்பெனியின் போன் எண்ணைப் பார்ப்பதால் சிவாஜிநகர் மெக்கானிக்கின் கைக்கு ஸ்கேனர் வந்துவிடாது. கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும்.

வாங்கிய பொருள் யாருடையது?

இன்னொரு புதிய வழக்கமும் தலைகாட்டியது. 2022-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி சில நாடுகளில், சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. கம்பியும் கருவியும் காருக்குள்ளேயே இருந்தன. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பவே, 2023-ல் கைவிட்டார்கள். ஒரு கம்பெனி கைவிட்டது என்பதற்காக இந்த எண்ணமே ஒழிந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வாடகையும் கொடு என்பது வட்டிக்காரனும் கேட்காத நியாயம்.

சில்லுகளை அளவுக்கு மேல் நம்பினால் கம்பெனிகளுக்கும் ஆபத்துதான். உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 2021 செப்டம்பரில் மாருதி கம்பெனியின் உற்பத்தி வழக்கமானதில் 40 சதவிகிதம் அளவுக்கே இருக்கும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு சில்லு வராததால் கார் முழுதும் நின்று போனது.

பெங்களூரின் பொறுப்பு

இந்த விஷயத்தில் பெங்களூருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. ஒரு காலத்தில் அடுகோடி மைக்கோ தொழிற்சாலை, டீசல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் செய்து நாடு முழுவதற்கும் அனுப்பியது. இன்று ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உட்கார்ந்து, உலகத்துக் கார்களுக்கான சாப்ட்வேரை எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்களும் ஏராளம். நகரின் ஒரு கோடியில் எழுதப்படும் சாப்ட்வேரை மறு கோடியில் உள்ள மெக்கானிக்கால் படிக்க முடியவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, மனம்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன.

முதலாவதாக, 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' மதிப்பீட்டு முறையில் ஐரோப்பாவைப் போன்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், விளக்குகள் ஆகியவற்றோடு, நம் நாட்டு மழைக்கு அவசியமான கண்ணாடி ஆவி நீக்கியையும் கையால் இயக்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, மின்சாரம் இல்லாவிட்டாலும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கதவைத் திறக்கும் வழி எல்லாக் கார்களிலும் கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவதாக, கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும், பழுது பார்க்கும் கைப்புத்தகமும் நியாயமான விலையில் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும். திருட்டைத் தடுக்கும் சாவி போன்ற விஷயங்களில் எச்சரிக்கை தேவை என்று கம்பெனிகள் கூறுவதில் நியாயம் உண்டு. பதிவு செய்த மெக்கானிக்குகளுக்கு மட்டும் தருவதாக ஏற்பாடு செய்தால் அந்தக் கவலை தீரும்.

நான்காவதாக, காரைப் பதிவு செய்யும்போதே 15 ஆண்டுகளுக்குச் சான்றிதழ் தரப்படுகிறது. கர்நாடகத்தில் வாழ்நாள் வரியும் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். அந்த 15 ஆண்டுகளும் அந்தக் காரின் எலெக்ட்ரானிக் பாகங்களும் சாப்ட்வேரும் கிடைக்கும் என்று கம்பெனி உத்தரவாதம் தர வேண்டும். எஞ்சின் நன்றாக இருக்க, ஒரு பெட்டி கிடைக்காததால் காரைப் பழைய இரும்புக்குப் போடுவது வீண் விரயம்.

ஐந்தாவதாக, ஒர்க்ஷாப்பில் தொழில் பழகிய நடுவயதுக்காரர்களுக்கு ஐ.டி.ஐ.க்களில் மாலை வகுப்பு நடத்தி, சென்சார், ஸ்கேனர், மின்சாரக் கார் பற்றிச் சொல்லித் தர வேண்டும். பாடம் கன்னடத்திலும் தமிழிலும் இருக்கட்டும். முப்பது ஆண்டு அனுபவத்தோடு மூன்று மாதப் படிப்பும் சேர்ந்தால் அவர்களுக்கு நிகரானவர் யாரும் இருக்க முடியாது. பெங்களூரில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் இந்த வேலையில் கை கொடுக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷோரூமில் திரையின் அகலத்தைப் பார்த்து மயங்காமல், ஓட்டிப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காற்றாடியைக் கூட்ட முடிகிறதா? பாட்டரி செத்துப் போனால் கதவை எப்படித் திறப்பது என்று விற்கிறவர் காட்டுகிறாரா? வாரண்டி முடிந்த பின் திரையை மாற்ற என்ன விலை? இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். வாங்குகிறவர்கள் இப்படிக் கேட்கத் தொடங்கினால், அரசாங்க உத்தரவு வரும் முன்பே பொத்தான்கள் திரும்பி வந்துவிடும்.

எஞ்சினுக்குள் எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் இருக்கட்டும். பிரேக்கிலும் காற்றுப் பையிலும் இருக்கட்டும். டிரைவரின் கண்ணையும் மெக்கானிக்கின் பிழைப்பையும் பறிக்கும் இடத்தில் மட்டும் அது வேண்டாம். புகை விதிகளை ஒரே தேதியில் நாடு முழுவதும் அமலாக்கிக் காட்டிய மத்திய அரசு, இதற்கும் ஒரு தேதி குறிக்க வேண்டும்.